லிண்டன்ஹோஃபின் ஆறாவது படம்

ஜெர்மனியில், எசன் நகரத்தின் தெற்கு விளிம்பில், பஸ் சுற்றித் திரும்புகிற இடத்தில், ஹோல்ட்பெக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மதுக்கடை. பெயர் லிண்டன்ஹோஃப். லிண்டன் என்பது ஒரு மரம். அந்த மரம் கடை வாசலில் எந்தக் காலத்திலும் நின்றதில்லை என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அது நின்ற இடத்தைக் கைகாட்டிச் சொல்லுகிறவர்கள் மட்டும் இரண்டு மூன்று பேர் உண்டு.

2004ஆம் ஆண்டு அந்தக் கடையைக் குத்தகைக்கு எடுத்தவர் பரராசசிங்கம். மானிப்பாய்க்காரர், சைவம், வெள்ளிக்கிழமை விரதம். பீர் இருக்கட்டும், கடும் கோப்பி குடித்தாலே அவருக்கு நெஞ்செரியும். இப்படிப்பட்டவர் மதுக்கடை நடத்த வந்தது விசித்திரம்தான் என்று ஊர் நினைத்தது. அவருக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை. செருப்புக் கடைக்காரன் விற்கிற செருப்பையெல்லாம் தானே போட்டுக்கொண்டா திரிகிறான் என்று கேட்பார்.

ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் அவர் இருந்தது மற்றவர்களின் சமையலறைகளில். எசனில் ஓர் இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு பந்துருட்டி விளையாடுகிற ஒரு விடுதியில் பீர்க் குழாயடியில் நின்றார். பில்ஸ் என்கிற பீரை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. கொஞ்சம் விட்டு, நுரை அடங்கப் பார்த்திருந்து, மறுபடி கொஞ்சம் விட வேண்டும். அகதி விண்ணப்பம் வருடக்கணக்காக அலுவலகத்தில் கிடந்தபோது பழகிய பொறுமை அவருக்கு இந்த இடத்தில் கைகொடுத்தது. நுரையாவது கடைசியில் அடங்கியது.

லிண்டன்ஹோஃபின் சொந்தக்காரி டீக்மான் அம்மையார். கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய வயது, ஒரு முழங்காலில் இரும்பு. முதல் இரண்டு வருடம் பரீட்சைக் காலம், அதன் பிறகுதான் நீண்ட ஒப்பந்தம் என்பது அவர் போட்ட நிபந்தனை. பரராசசிங்கம் சம்மதித்தார். அவருடைய மனைவி கலாதேவி முதியோர் இல்லத்தில் செய்துவந்த துப்புரவு வேலையை விட்டுவிட்டுச் சமையலறைப் பொறுப்பை எடுத்தாள். அம்மையார் இரண்டு வருடம் கழித்து வேண்டாம் என்று சொன்னால், ஐம்பதைத் தொடுகிற வயதில் அவர் மறுபடி கோப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் தோலுரிந்த கைகள் அதை மறக்கவில்லை.

வேண்டுமா வேண்டாமா என்பதை அம்மையார் தனியாகத் தீர்மானிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடையின் உள்மூலையில் ஒரு வட்ட மேசை. அது பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்; எழும்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மேசையின் தலைவர் போல இருந்தவர் நோவாக், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. கோடையிலும் காதை மூடி இறக்கிய கம்பளித் தொப்பி. நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு கரகரப்பு. அம்மையார் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கேக் வெட்டிக் கொடுத்து, கடை விஷயங்களை விசாரிப்பார் என்று ஊரில் பேச்சு.

நோவாக்குக்குப் புது முதலாளியைப் பார்த்த முதல் நாளே ஒரு விஷயம் உறுத்தியது. இந்த மனிதர் குடிக்கவில்லை. யாராவது அன்பாக ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார். தான் ஊற்றுவதைத் தானே குடிக்காதவனுக்கு அந்தப் பீரைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது என்பது நோவாக்கின் கணிப்பு. அதனால் அவர் ஒவ்வொரு கிளாஸையும் முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு குடிப்பார். பிறகு இன்னொன்று கேட்பார்.

பரராசசிங்கத்துக்கோ நோவாக் தன்னை வேவு பார்க்கிறார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு நீர் ஊற்றி வளர்த்தவன் லோறன்ஸ். எசனில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருந்தான். கருவேப்பிலையும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு பீரை அருந்தியபடி, உலகத்தில் யாரையும் நம்பக் கூடாது என்று விளக்குவான். அவனுடைய கணக்கில் அம்மையாரின் திட்டம் வெட்டவெளிச்சம். தமிழனை வைத்துச் சமையலறையைத் துப்புரவாக்குவது, பழைய குழாயை மாற்றுவது, பிறகு வேறு ஆளுக்குக் கொடுப்பது.

கடைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது, வட்ட மேசைக்கு மேலே இருந்த சுவர். அதில் வரிசையாக ஐந்து படங்கள், கறுப்புச் சட்டம் போட்டவை. லிண்டன்ஹோஃபை நடத்திய முதலாளிகள். கீழே பெயர் எழுதியிருக்கவில்லை. பெயர் தெரியாதவர்கள் இங்கே வர வேண்டியதில்லை என்று பழைய ஆட்கள் நினைத்திருக்கலாம்.

அந்தச் சரித்திரத்தைப் பரராசசிங்கத்துக்குச் சொன்னதும் நோவாக்தான், வேவு பார்க்கிற நேரம் போக மிச்ச நேரத்தில். முதல் படம் ஆல்பர்ட் டீக்மான், அம்மையாரின் தாத்தா. கீழே அவர் மது விற்றபோது மேல்மாடியில் அவருடைய மனைவி மதுவிலக்குச் சங்கத்தின் கூட்டம் நடத்தினாளாம். கூட்டத்துக்கு வந்த பெண்களின் கணவன்மார் கீழே காத்திருந்ததில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. இரண்டாவது அவருடைய மகன். போரில் குண்டு விழுந்து கூரை போன அன்று மட்டும் கடையைப் பூட்டியவர். மறுநாள் திறந்தபோது, வாடிக்கையாளர்கள் கிளாஸைப் பார்க்காமல் வானத்தையே பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாராம். மூன்றாவது அவருடைய விதவை ஹெட்விக். ஆண் துணை இல்லாமல் கடையை நெடுங்காலம் கட்டி ஆண்டவள்; ஆண் துணை இல்லாமல் வருகிற பெண்ணுக்கு ஒரு சொட்டும் ஊற்றமாட்டாள். நான்காவது, உள்ளூர் அணியில் பந்து உதைத்த ஒருவர். கடையின் மிகச் சிறந்த வாடிக்கையாளராகவும் அவரே இருந்ததால் அதிகநாள் தாங்கவில்லை.

ஐந்தாவது படத்தில் கிருதா வைத்த இளைஞன் ஒருவன். நெற்றியில் புரளும் தலைமயிர், இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவைத்த மாதிரி விரிந்த காதுகள். அவனைப் பற்றிக் கேட்டபோது நோவாக் கிளாஸைச் சுற்றினார்.

"அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை" என்றார். "ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. இந்த வேலைக்குப் பிறந்தவன் இல்லை அவன்."

பரராசசிங்கம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வளர்ந்த இடத்தில் ஒருவரைப் பற்றி இந்தக் குரலில் பேசினால், அவர் கிணற்றில் விழுந்தவர் அல்லது கயிற்றில் தொங்கியவர் என்று அர்த்தம்.

கலாதேவிக்கு அதைச் சொன்னார். அவள் ஏற்கெனவே அந்தச் சுவரைப் பற்றி யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கடையைக் கழுவும்போது ஐந்து படங்களையும் துடைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பூச் செருகுவாள்.

"செத்தவையின்ர இடத்தில உழைச்சுச் சாப்பிடுறம்" என்றாள். "ஒரு பூ வைச்சால் என்ன குறைஞ்சுபோடும்? அந்தக் காதுக்காரர் நல்ல சாவு செத்திருக்கமாட்டார் போல கிடக்கு. அவருக்கு விளக்கும் வேணும்."

அன்று முதல் ஐந்தாவது படத்துக்குப் பெரிய மஞ்சள் பூவும், கீழேயிருந்த பலகையில் ஒரு சின்ன மெழுகு விளக்கும். கடை திறக்குமுன் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிடுவாள். வெள்ளைக்காரர் கண்டால் ஏதாவது நினைப்பார்கள் என்பது அவளுடைய எச்சரிக்கை. ஒளிக்காமல் விட்டிருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுத் தொலைத்திருப்பார்கள். விஷயம் அப்போதே முடிந்திருக்கும். எச்சரிக்கையாக இருந்ததால் இரண்டு வருடம் நீடித்தது.

2006 வசந்த காலம். உலகக் கிண்ணக் காற்பந்து ஜெர்மனியில் நடக்கப் போகிறது என்று ஊரெங்கும் கொடி. பரராசசிங்கம் கடைக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கி மாட்டினார். பரீட்சைக் காலம் முடிய இன்னும் சில வாரங்கள். அம்மையார் மேலே கூப்பிட்டனுப்பினார். ஒப்பந்தம் என்ற சொல் வரும் என்று இவர் எதிர்பார்த்திருக்க, அவர் சொன்னது வேறு. செவ்வாய்க்கிழமை படம் பிடிக்கிறவர் வருவார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், படம் அந்தச் சுவரில் ஐந்தாவதற்குப் பக்கத்தில் வரும், மற்றதை அதன் பிறகு பேசலாம்.

பரராசசிங்கம் படியிறங்கி வந்து அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்தார். அன்று மாலை லோறன்ஸிடம் சொன்னார்.

"சுவரில தொங்குற அஞ்சும் செத்த ஆக்கள். நான் உயிரோட போய் அதில தொங்கிறதே?"

லோறன்ஸ் கிறிஸ்தவன், ஆனாலும் வரவேற்பறைச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற தகப்பனுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டான். அவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

"அண்ணை, நான் அப்பவே சொன்னனான்" என்றான். "படத்தை மாட்டினால் உங்கட கணக்கு முடிஞ்சுது எண்டுதான் அர்த்தம். அஞ்சு பேரையும் அனுப்பிப்போட்டுத்தானே மாட்டியிருக்கினம். ஆறாவது ஆளை மட்டும் வைச்சிருக்கப் போகினமே?"

முதல் செவ்வாய்க்கிழமை பரராசசிங்கத்துக்குத் தலைமயிர் வெட்டியிருக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை படம் பிடிக்கிறவர் வந்த நேரம் ராகு காலம். தலையிடி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மூன்றாவது முறை லோறன்ஸின் கடைக்கு அவசர வேலையாகப் போய்விட்டார். மேல்மாடியில் அம்மையார் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தார். படத்துக்கு நிற்காத முதலாளி கடையில் நிற்கப் போவதில்லை. எசனில் அந்த மிளகாய்த்தூள்காரனோடு சேர்ந்து தனியாகக் கடை போடத் திட்டம். இல்லாவிட்டால் அங்கே அடிக்கடி என்ன வேலை?

இந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலை நோவாக் முந்தின நாள் மறந்துவிட்டுப்போன மூக்குக் கண்ணாடியை எடுக்க வந்தார். கழுவின தரை காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள் கலாதேவி. நோவாக் கண்ணாடியை வட்ட மேசையிலிருந்து எடுத்தார், மாட்டினார், நிமிர்ந்தார். ஐந்தாவது படத்தில் மஞ்சள் செவ்வந்தி. அதன் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெர்மன்காரர்களும் விளக்கு வைப்பதுண்டு, கல்லறையில். நோவாக் விளக்கைப் பார்த்தார். வாளியோடு நின்றவளை ஒரு தரம் பார்த்தார். தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. அவர் வராததால் வட்ட மேசைக்காரர் எவரும் வரவில்லை. புதுத் தொலைக்காட்சி வெறும் கதிரைகளுக்குக் காற்பந்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"எங்கட சாமி விஷயம் பிடிக்கேல்லைப் போல" என்று கலாதேவி சொன்னாள்.

"லோறன்ஸ் சொன்னது சரிதான்" என்றார் அவர். "ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவை. நாங்களே எடுத்துக் குடுத்திட்டம்."

ஒரு புதன்கிழமை மத்தியானம், கடைக்கு ஓய்வு நாள், மேல்மாடியிலிருந்து கைத்தடிச் சத்தம் படிப்படியாக இறங்கி வந்தது. அம்மையார். அவருக்குப் பின்னால் நோவாக். பரராசசிங்கம் கதிரை இழுத்துப் போட்டார். அம்மையார் உட்கார்ந்தார். நோவாக் உட்கார மறுத்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கலாதேவி சத்தம் கேட்டுக் கையில் கத்தியோடு வந்து நின்றது சூழ்நிலையைக் கொஞ்சமும் இலகுவாக்கவில்லை.

அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்க வந்திருக்கிறேன், அதற்கு முன் நோவாக்குக்கு ஒரு கேள்வி இருக்கிறது, ஒழுங்கான பதில் வேண்டும் என்றார். நோவாக் கத்தியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்கள் பீர் குடிப்பதில்லை. படம் எடுக்க விடுவதில்லை. அதையெல்லாம் விடுங்கள். என் சாவுக்கு ஏன் இத்தனை அவசரம்?"

"உங்கள் சாவா?" என்றார் பரராசசிங்கம். "விளக்கு வைத்தது அந்தப் பையனுக்கு. ஐந்தாவது ஆளுக்கு."

நோவாக் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். இரண்டு வருடத்தில் அவர்கள் அந்தத் தலையைக் கண்டது அதுதான் முதல் தடவை. தலையில் மயிர் இல்லை. ஆனால் காதுகள் இருந்தன, இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவைத்த மாதிரி.

கலாதேவிதான் முதலில் கண்டாள். "இஞ்சேருங்கோ" என்று கணவனின் கையைப் பிடித்தாள். "அந்தக் காது."

பரராசசிங்கம் சுவரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"கலா, ஆள் உயிரோட இருக்கிறார்" என்றார், கிட்டத்தட்ட முறைப்பாடு செய்கிற குரலில்.

எழுபதுகளில் சுரங்கத்திலிருந்து வெளியேறி இந்தக் கடையை எடுத்த நோவாக், குடிக்க வருகிற மனிதர்களைப் பொறுக்கமுடியாமல் வருடம் முடியுமுன் மறுபடி சுரங்கத்துக்கே போய்விட்டவர். பிறகு அம்மையாரே ஆள் வைத்துக் கடையை நடத்தினார். தன்னைத் தானே சுவரில் மாட்டத் தனக்குக் கை வராது என்று தன் படத்தை மட்டும் போடவில்லை. இது ஹோல்ட்பெக்கில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைப் புதிதாக வந்தவனுக்கு யாரும் சொல்லுவதில்லை.

பரராசசிங்கம் தன் ஜெர்மன் முழுவதையும் திரட்டி விளக்கினார். எங்கள் ஆட்களிடையே ஒருவர் இறந்த பிறகுதான் அவருடைய படத்தை இப்படி வரிசையில் மாட்டிப் பூ வைப்போம். ஐந்து பேரையும் அப்படித்தான் நினைத்தோம். வேறு எப்படி நினைப்பது?

"அப்படியானால்" என்று அம்மையார் நிதானமாகக் கேட்டார், "இரண்டு வருடமாக ஒரு பிணவறையைத்தான் குத்தகைக்கு எடுத்ததாக நினைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு வந்தீர்களா?"

"சமையலறை நன்றாக இருந்தது" என்றார் பரராசசிங்கம்.

"படம் பிடிக்கிறவரை நான் அனுப்பியது?"

அதற்கு அவர் ஐந்து படங்களையும் பக்கத்திலிருந்த காலி இடத்தையும் பார்த்தார். அம்மையாருக்கு அந்தப் பார்வை புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் சிரிக்கவில்லை. கைத்தடியை நிலத்தில் ஒரு முறை தட்டினார்.

"அனுப்ப நினைக்கிற ஆளை நாங்கள் சுவரில் மாட்டுவதில்லை" என்றார். "என் தாத்தா காலத்திலிருந்தே படம் முதலில், கையெழுத்து பிறகு. படத்துக்கு நிற்காதவன் கடைக்கும் நிற்கமாட்டான். நீங்கள் ஓடப்போகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்."

இதற்குள் கலாதேவி கத்தியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோவாக்குக்கு முன்னால் வந்து நின்றாள். தமிழிலேயே பேசினாள், கணவர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தார்.

"குறை நினையாதேங்கோ. செத்துப்போனார் எண்டு நினைச்ச ஆள் உயிரோட வந்து நிண்டால், அவருக்கு ஆயுசு கெட்டி எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நீங்கள் இனி லேசில போகமாட்டீங்கள்."

நோவாக் யோசித்தார். எவ்வளவு காலமாக இந்தப் பூ நடக்கிறது என்று கேட்டார். இரண்டு வருடம் என்று பதில் வந்தது. மறுபடி யோசித்தார்.

"இரண்டு வருடமாக மருத்துவர் என் நுரையீரல் மோசமாகவில்லை என்கிறார்" என்றார். "நான் மருத்துவரைத்தான் சந்தேகப்பட்டேன்."

கடைசியில் இப்படித் தீர்ந்தது. பரராசசிங்கம் படத்துக்கு நிற்பார். நேரத்தைக் கலாதேவி குறித்துக் கொடுப்பாள். ஆனால் அந்தச் சுவரில் மாட்ட ஏலாது. அது செத்தவர்களின் சுவர் என்று இரண்டு வருடம் கும்பிட்டாயிற்று, இனி மாற்றமுடியாது என்பதில் அவள் உறுதியாக நின்றாள். பீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவர் காலியாக இருந்தது. அங்கே உயிரோடு இருப்பவர்கள். அதைக் கேட்டவுடன் நோவாக், வேறு யாரும் சொல்லுமுன், கதிரையில் ஏறித் தன் படத்தைத் தானே கழற்றினார். எண்பது வருடப் பழக்கம் ஒன்று இப்படிக் கலைவதை அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா இருந்திருந்தால் சம்மதித்திருக்கமாட்டார் என்றார். பிறகு, அவர் பாட்டியின் சங்கத்துக்கே சம்மதித்தவர்தானே என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்ட அன்று வட்ட மேசை நிறைந்திருந்தது. நோவாக் ஒரு கிளாஸை முதலாளிக்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை இல்லை, தலையிடியும் இல்லை. பரராசசிங்கம் ஒரே ஒரு மிடறு குடித்தார். கசப்பில் முகம் சுருங்கி, கண் மூடி, தோள் குலுங்கியது. மேசை முழுவதும் அதைக் கவனித்தது. நோவாக் தன் கிளாஸை எடுத்து, முன்னைவிட நெடுநேரம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

லோறன்ஸ் புதுப் படத்தைப் பார்க்க வந்தான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தீர்களா அண்ணை என்று மட்டும் கேட்டான்.

காலையில் கதவைத் திறந்ததும் பரராசசிங்கம் முதலில் பார்ப்பது தன் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைத்தான். மாலையில் நோவாக்கும் வாசலில் நின்று அதே காரியத்தைச் செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமைப் பூ இப்போது ஒளித்துவைக்கப்படுவதில்லை. நான்கு படம், நான்கு பூ. தனக்கு ஏன் நிறுத்தினீர்கள், நுரையீரல் விஷயம் என்ன ஆவது என்று நோவாக் ஒரு தடவை முறையிட்டார். உயிரோடு இருக்கிற ஆளுக்கு வைக்க ஏலாது என்று கலாதேவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

உலகக் கிண்ணம் முடிந்து கொடிகள் இறங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நோவாக் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். நான்கு படத்திலும் பூ இருந்தது. ஐந்தாவதாக ஒரு செவ்வந்தி குழாயடி மேசையில் தனியாகக் கிடந்தது. நோவாக் அதைப் பார்த்தார். பரராசசிங்கமும் அப்போதுதான் அதைக் கண்டார். இரண்டு பேரும் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இது ஆருக்கு, கலா?" என்று கேட்டார் பரராசசிங்கம்.

சமையலறையிலிருந்து வந்த கலாதேவி இரண்டு முகங்களையும் பார்த்தாள். பூவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.